மேகமலையில நான் ஆத்தாவா இருந்த பதினோரு நாள்

எனக்கு ஞானஸ்நானம் ஆகி நாப்பத்தி மூணு வருசம் ஆச்சு. எங்கப்பா சபையில மூப்பரா இருந்தவரு. தேனி பஜார்ல மோட்டாரும் பைப்பும் விக்கிற கடை நம்மளுது. கல்லாவுக்கு மேல வசனக் காலண்டர், ஞாயித்துக்கிழமை ஆனா ஷட்டரை எறக்கிருவோம். இப்படிப்பட்ட ஆளு, போன வருசம் வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச கையோட, பதினோரு நாள் மாரியாத்தாவா இருந்தேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லல. எம் முன்னாடி எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிட்டாக. மகளுக்கு எப்ப வரன் அமையும்னு எங்கிட்டக் கேட்டாக. வெக்கங்கெட்டு நானும் ரெண்டு பேருக்குப் பதில் சொன்னேன்.

எல்லாம் என் கூட்டாளியோட பொண்டாட்டி ஆசைப்பட்டதுல ஆரம்பிச்சது. கூட்டாளின்னா ஒண்ணாப்புல இருந்து ஒண்ணா அடி வாங்குன பய. சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் வச்சிருக்கான். அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. அதனால அவன் அம்மா எனக்கு அத்தை, அவன் பொண்டாட்டி தங்கச்சி. அவுக கும்பிடுற சாமி வேற, நாங்க கும்பிடுற சாமி வேற. முறை வச்சுக் கூப்பிட ஆரம்பிச்சிட்டா அதையெல்லாம் யாரு நினைக்கிறா.

கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுத் தங்கச்சி உண்டாகியிருந்தா. ஒம்பது வருசமா மதுரை ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கேன், அப்புறம் அத்தைக்குத் தெரிஞ்ச அத்தனை கோயில்னு அலைஞ்சு வந்த பிள்ளை. அத்தை அவளைக் கட்டில விட்டு எறங்க விடல. கறிவேப்பிலை பறிக்கப் போனாக்கூட "ஏட்டி, குனியாத"ன்னு ஒரு சத்தம் வரும். நாலு மாசம் அந்தப் புள்ள சுவத்தையும் ஃபேனையும் பாத்துக்கிட்டுக் கிடந்தா. அஞ்சாவது மாசம் தொடங்குனதும் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு, "எனக்கு மலை வேணும்"னுட்டா.

எங்க பக்கம் ஒரு பயம் உண்டு. வயித்துப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்கலேன்னா பொறக்கிற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்பாக. எல்லாப் பொம்பளைகளும் மாங்கா கேப்பாக, அயிரை மீன் குழம்பு கேப்பாக. இவ மூணு நாளு, போடிமெட்டு, குமுளி, மேகமலைன்னு வரிசையா சுத்தி வரணும், மூக்கு நுனி குளுரணும்னு கேட்டா. மாமியா வாயை அடைக்கிறதுக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது, அது அவளுக்கு நல்லாத் தெரியும். அத்தை ரெண்டு நாள் யோசிச்சாக. டாக்டரம்மா "மெதுவாப் போயிட்டு வாங்க"ன்னுட்டாக. "சரி, நானும் வாரேன்"னாக அத்தை.

மாப்ள அப்பத்தான் பழைய ஜீப் ஒண்ணு வாங்கியிருந்தான். வாங்கினானே ஒழிய மலையில ஓட்ட மாட்டான். கொண்டை ஊசி வளைவுல தலை சுத்தி, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ஓங்கரிக்கிற பய. மலையில வண்டி ஓட்டுறதுக்குன்னே ஆண்டவர் என்னையப் படைச்சிருக்காருன்னு எனக்கு ஒரு திமிரு. அந்த ஜீப்பை வாங்குனதுல இருந்து என் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால டிரைவர் நான்.

இனி சொல்லப்போறதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்துறேன். பொறப்படுற அன்னைக்குக் காலையில குளிக்கையில வயித்துல ரெண்டு கொப்புளம் பாத்தேன். சின்னது, தண்ணி கோத்தது, ஓரத்துல சிவப்பு. உடம்பும் லேசா கதகதன்னு இருந்துச்சு. நான் கல்யாணம் பண்ணாம அக்கா வீட்டு மாடியில இருக்கிறவன். அக்கா மகளுக்கு அம்மை போட்டு, அந்தப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு வாரம்கூட ஆகல. அவ மேல இருந்த கொப்புளம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். "வேர்க்குரு"ன்னு வாய்விட்டுச் சொன்னேன், பாத்ரூம்ல, எனக்கே. காய்ச்சல் மாத்திரை ஒண்ணை முழுங்கிட்டுக் கீழ எறங்கி ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிட்டேன். எனக்குப் போகணும், அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் கிடையாது.

மொத நாள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியா ஏலத்தோட்டத்துக்குள்ள சுத்திக் குமுளிக்குப் போனோம். தங்கச்சி எனக்குப் பின் சீட்டுல, கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. பக்கத்துல அத்தை, மடியில ஒரு ஓலைக்கொட்டான் நெறையப் பலகாரம். மாப்ள எம் பக்கத்துல கையில பிளாஸ்டிக் பையோட. எனக்குத் தலை இடிச்சுது. ஒவ்வொரு டீக்கடையிலயும் ஒரு மாத்திரை போட்டேன். "என்னலே, ஓயாம என்னத்தையோ முழுங்குற?"ன்னு அத்தை கேட்டாக. "வாயுக் கோளாறு"ன்னேன். அதுக்கு இஞ்சி, ஓமம், பெருங்காயம்னு அரை மணி நேரம் வைத்தியம் சொன்னாக.

மறுநாள் குமுளியில இருந்து எறங்கி, கம்பம், உத்தமபாளையம் தாண்டி, சின்னமனூர்ல திரும்பி மேகமலை ஏறுனோம். மேல ஏற ஏற குளுரு. எனக்கு மட்டும் உள்ள அடுப்பு எரியுது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல தண்ணி தேங்கிக் கிடக்கிற இடத்துல வண்டியை நிறுத்துனேன். எறங்குனவன் அப்படியே பம்பரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அத்தை பக்கத்துல வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்தாக. கழுத்துல சுத்தியிருந்த மப்ளரை உருவுனாக. சட்டையை ஒரு இழு இழுத்தாக, ரெண்டு பித்தான் தெறிச்சிருச்சு.

நெஞ்சு பூராவும் போட்டிருந்துச்சு.

அத்தை சடக்குன்னு செருப்பைக் கழட்டுனாக. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, "தாயே! முத்துப் போட்டுக்கிட்டா வந்திருக்க? எம்புட்டுத் தூரம் வந்து எங்களைத் தேடியிருக்க!"ன்னு அந்த ரோட்டுலயே முட்டி போட்டாக. ஒரு நிமிசத்துக்கு முன்னாடி வரைக்கும் "என்னலே"ன்னு கூப்பிட்டவுக. நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன், வேற யாரும் இல்ல. என்னையத்தான் கும்பிடுறாக.

"அத்தை, எந்திரிங்க, கல்லு குத்தும்"னேன்.

"பாத்தியாடா, என் முட்டிக்கு எரக்கப்படுறா"ன்னு மகன்கிட்டச் சொல்லிக் கண்ணைத் தொடைச்சாக.

எஸ்டேட் டிஸ்பென்சரி கொஞ்சத் தூரத்துல இருந்துச்சு. அங்கன வரைக்கும் நான்தான் ஓட்டுனேன், வேற வழி? ஜீப்புல எல்லாரும் செருப்பில்லாம உக்காந்திருந்தாக. எதுத்தாப்புல வந்த தேயிலை லாரிக்காரன் வழிவிடாம ஹாரன் அடிச்சதுக்கு, அத்தை தலையை நீட்டி, "அடேய், உள்ள ஓட்டுறது யாருன்னு தெரியுமாடா?"ன்னு கேட்டாக. காய்ச்சல்லயும் எனக்குச் சிரிப்புத் தாங்கல. அப்ப வரைக்கும் எல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

டிஸ்பென்சரியில மலையாளத்துக் கம்பவுண்டர் ஒருத்தர். டார்ச் அடிச்சு என் தொண்டையைப் பாத்தாரு. "அம்மை தன்னே. பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க, மாத்திரை தாரேன்"னாரு. அப்புறம் ரொம்பச் சாதாரணமா, சீட்டு எழுதிக்கிட்டே, "கூட வந்தவங்கள்ல கர்ப்பிணி யாரும் இல்லையே?"ன்னாரு.

தங்கச்சி வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. அவர் தலையைத் தூக்கி அவ வயித்தைப் பாத்தாரு. பேனாவைக் கீழ வச்சிட்டாரு.

விசயத்தை அவர் பொறுமையாத்தான் சொன்னாரு. அந்தப் புள்ளைக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருந்தா ஒரு குழப்பமும் இல்ல. வந்ததில்லேன்னா தாய்க்கும் ஆபத்து, வயித்துல இருக்கிறதுக்கும் ஆபத்து. ரத்தம் எடுத்துப் பாக்கணும், எதிர்ப்புச் சக்தி இல்லேன்னா நாலஞ்சு நாளைக்குள்ள ஊசி போட்டாகணும், அதுக்கு மதுரைக்குப் போகணும். "வந்திருக்கா மோளே?"ன்னு கேட்டாரு. தங்கச்சிக்குத் தெரியல. அவ அம்மா அவளுக்கு நாலு வயசுல தவறிட்டாக. பெரியகுளத்துல ஹாஸ்டல்ல வளந்த புள்ள. அப்பா இருக்காரு, மக எத்தனாவது படிக்கிறான்னே தெரியாம வளத்த மனுசன், அவர்கிட்டப் போன் போட்டு என்னத்தைக் கேக்க?

ரெண்டு நாளா ஒரே வண்டிக்குள்ள எனக்குப் பின்னாடிதான் உக்காந்து வந்திருக்கா. நான் இருமினது, மூச்சு விட்டது எல்லாம் அவளுக்குத்தான். அந்த நேரத்துல வாயைத் திறந்து சொல்லியிருக்கணும், நேத்துக் காலையிலயே பாத்தேன்டா மாப்ளன்னு. பித்தான் தெறிச்ச சட்டையை இழுத்து மூடிக்கிட்டேன். மாப்ள என் தோளைப் பிடிச்சு, "நீ என்னடா பண்ணுவ, உனக்கா தெரியும்"னான். அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, என்னைய மாதிரி ஒரு ஈனப்பய கிடையாது.

இனி அவளை என்கூட ஒரே வண்டியில ஏத்த முடியாது. மலையில ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பஸ்ஸு போயிருச்சு. மாப்ள ஜீப்புல ஏறி ஸ்டியரிங் முன்னாடி உக்காந்தான். முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போயிருந்துச்சு. தங்கச்சி முன் சீட்டுல ஏறி, "ரோட்டை மட்டும் பாருங்க, வளைவை நான் எண்ணிச் சொல்றேன்"னா. மொத கியருலயே பதினெட்டு வளைவையும் எறக்குனான். ஒரு வளைவுலயும் வாந்தி எடுக்கலேன்னு அப்புறம் தங்கச்சி சொன்னா.

அத்தை அந்த வண்டியில ஏறல. ஒம்பது வருசமாக் காத்துக் கிடந்த பேரப்பிள்ளை அந்த வண்டியில போகுது, இவுக எங்கூட நின்னுட்டாக. "ஆத்தா வந்த உடம்பை அத்துவானத்துல விட்டுட்டுப் போனா அவ சும்மா இருப்பாளா?"ன்னாக. எங்க அக்காகிட்ட எஸ்டேட் ஆபீஸ் போன்ல பேசுனாக. அக்கா அங்கன அம்மை எறங்கி இன்னும் தேறாத மகளை வச்சுக்கிட்டு வர முடியாத நெலமை. "ஆண்டவர் பாத்துக்கிடுவாரு"ன்னு அழுதிருக்கா. "அவரும் பாக்கட்டும், நானும் பாக்குறேன்"னு அத்தை போனை வச்சாக.

தொழிலாளிக குடியிருக்கிற லைன் வீட்டுல காலியாக் கிடந்த ஒண்ணைக் கம்பவுண்டர் தொறந்து குடுத்தாரு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தகரக் கூரை. அத்தைக்கு மொதல்ல வந்த சோதனை வேப்பிலை. மலை மேல வேப்பமரம் கிடையாது. தேயிலை இருக்கு, சவுக்கு இருக்கு, அட்டை வேணுங்கிற அளவுக்கு இருக்கு, ஒரு வேப்பங்கொழுந்து இல்ல. சின்னமனூர்ல இருந்து வர்ற பஸ்ஸுல சொல்லி விட்டாக. மறுநாள் பஸ்ஸு டிரைவர் பெரிய கட்டா வேப்பங்கொலையைக் கொண்டாந்து, செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல வச்சாரு. அதுக்கு லக்கேஜு டிக்கெட்டுப் போடலையாம். ஆத்தாவுக்கு எவன் டிக்கெட்டுக் கிழிப்பான்?

வேப்பங்கொலை வந்தது லைன் பூரா தெரிஞ்சு போச்சு. சாயங்காலம் ஆனா கொழுந்து பறிச்சிட்டு வர்ற பொம்பளைக கால் கழுவிட்டு வந்து வாசல்ல நிப்பாக. எளனி, எலுமிச்சம்பழம், ஒரு செம்பு மோருன்னு கையில எதாச்சும் இருக்கும். எனக்குப் பேரே போயிருச்சு. "தாயி தூங்குதா?" "தாயி கூழு குடிச்சுதா?" ஒரு அம்மா மகளுக்கு வரன் கேட்டாக. நான் போர்வைக்குள்ள இருந்து, "ஆவணிக்குள்ள"ன்னேன். அரிப்புல சொன்னது. ஆளு எடத்தைக் காலி பண்ணட்டும்னு சொன்னா, மறுநாள் கூடப்பொறந்தவளையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாக. எங்கப்பா மட்டும் இருந்திருந்தா கல்லறைக்கு அவரே நடந்து போயிருப்பாரு.

மாத்திரைதான் பெரிய பாடு. ஆத்தாவுக்கு மாத்திரை குடுக்கிறது அவளை வெரட்டுற மாதிரின்னு அத்தை. கம்பவுண்டர் காலையிலயும் மாலையிலயும் வந்து, "சேச்சி, ஒண்ணு பாத்துட்டுப் போறேன்"னு என் கையைப் பிடிச்சுப் பாக்கிற சாக்குல உள்ளங்கையில வச்சிட்டுப் போவாரு. வாயில போட்டு, வேப்பிலைத் தண்ணியைக் குடிச்சு முழுங்குவேன். தாளிப்பு இல்லாத கூழு, உப்பு இல்லாத மோரு. அத்தை ராவும் பகலும் கட்டில் ஓரத்துல உக்காந்து வேப்பங்கொழுந்தால தடவிக் குடுத்தாக. சொறியக் கை போனா மெதுவாப் பிடிச்சு எடுத்து வைப்பாக. பெத்தவ செத்து இருவது வருசம் ஆச்சு எனக்கு. அதுக்கப்புறம் என்னைய அப்படித் தொட்டவுக யாரும் கிடையாது. அவுக தடவத் தடவ எனக்கு உள்ள அறுத்துச்சு.

மூணாம் நாள் மத்தியானம். வெளிய மேகம் எறங்கி வாசப்படி தெரியல. கீழ இருந்து ஒரு சேதியும் இல்ல, ரத்தம் குடுத்தாச்சுங்கிறதோட சரி. அத்தை விளக்கைப் பொருத்தி வச்சிட்டு வந்து, என் கால்மாட்டுல தரையில உக்காந்து கையெடுத்துக் கும்பிட்டாக.

"தாயே, நான் உனக்கு என்ன கொறை வச்சேன்? வீரபாண்டிக்கு வந்து அக்கினிச்சட்டி எடுக்கிறேன். கண்ணு ரெண்டையும் வேணும்னா கேளு, தாரேன். எம் மருமக வயித்தை மட்டும் தொடாத. அந்தப் புள்ளைக்குத் தாய் இல்ல, தெரியும்ல உனக்கு? தொடலேன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயே. ஒரே ஒரு வார்த்தை."

சொல்லிட்டு என் வாயைப் பாத்தாக. நெசமாவே பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாக.

"தொடல"ன்னு சொல்லிருக்கலாம். வரன் கேட்டவளுக்குச் சொல்லலையா? அவுக நிம்மதியாத் தூங்கியிருப்பாக. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கும்பிட்ட அந்தக் கைதான் மூணு நாளா என்னையத் தடவிக் குடுத்துச்சு.

"அத்தை, நான் ஆத்தா இல்ல. நான்தான்"னேன். "பொறப்பட்ட அன்னைக்குக் காலையிலயே ரெண்டு கொப்புளத்தைப் பாத்தேன்."

அவுக கை எறங்கல.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னன்னு தெரியுமா?"

"தெரியும். அக்கா மகளுக்கு வந்துச்சுல்ல. தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். வண்டி ஓட்டணும்னு ஆசை, அத்தை. வேற ஒண்ணும் இல்ல."

அவுக எந்திரிச்சு வெளிய போனாக. பைப்படியில நின்னு அழுறது கேட்டுச்சு. வாய்விட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாக. நான் போய்ச் சேர்ந்துட்டா நல்லாருக்கும்னு நினைச்சேன், அப்பத்தான் மொத தடவை உண்மையா ஜெபம் பண்ணேன். கொஞ்ச நேரத்துல உள்ள வந்தாக. கண்ணு செவந்து கிடந்துச்சு. கூழுச் சட்டியை அடுப்புல வச்சாக. வேப்பங்கொழுந்தை எடுத்து மறுபடியும் தடவ ஆரம்பிச்சாக, முன்ன மாதிரியே மெதுவா.

மறுநாள் எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து ஆளு ஓடி வந்து, போன் வந்திருக்குன்னு கூப்பிட்டான். அத்தை போயிட்டு வர்றதுக்கு ஆன நேரத்துல நான் கூரைத் தகரத்துல எத்தனை ஆணி இருக்குன்னு எண்ணிப் பாத்தேன், எண்ணிக்கை நிக்கல. திரும்பி வந்தவுக வாசல்ல நின்னு, என் முகத்தைப் பாக்காம, சுவத்தைப் பாத்துச் சொன்னாக. "அவளுக்குச் சின்னதுலயே வந்து போயிருக்காம். ரத்தத்துல இருக்காம். ஒண்ணும் ஆகாதாம்." அப்படியே படியில உக்காந்துட்டாக. நான் போர்வையை வாயில திணிச்சுக்கிட்டேன்.

சரி, இனி கீழ போயிருவாகன்னு நினைச்சேன். போகல. சாயங்காலம் பஸ்ஸு வந்துச்சு, போச்சு. அத்தை கூழு காய்ச்சுனாக. ஏழாம் நாள் மொத தண்ணி, ஒம்பதாம் நாள் ரெண்டாம் தண்ணி. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயில்ல வச்ச தண்ணியைத் தலையில ஊத்துனாக. ஏழு நாளா எங்கிட்ட அவுக பேசுனதெல்லாம் ஆத்தாகிட்டப் பேசுனதுதான். "தாயே, வாயைத் தொற." "தாயே, திரும்பிப் படு." எனக்குன்னு ஒரு சொல்லு கிடையாது. மன்னிச்சுக்கங்கன்னு நான் ஆரம்பிச்சா, காது கேக்காதவுக மாதிரி எந்திரிச்சுப் போயிருவாக.

பதினோராம் நாள் காலையில மூணாம் தண்ணி. லைன் வீட்டு வாசல்ல கல்லு மேல உக்கார வச்சு ஊத்துனாக. லைன் பொம்பளைக குலவை போட்டுட்டு வேலைக்குப் போயிட்டாக. அத்தை வேப்பங்கொலை எல்லாத்தையும் அள்ளி ஓடையில விட்டுட்டு வந்து, பள்ளத்தாக்கைப் பாத்து நின்னு, "சந்தோசமாப் போயிட்டு வா தாயே, எங்க மேல கொறை வைக்காத"ன்னு விழுந்து கும்பிட்டாக. எந்திரிச்சு முந்தானையால முட்டியைத் தட்டி விட்டாக. அப்புறம் எங்கிட்ட வந்தாக.

விட்டாக பாருங்க ஒரு அறை. ஈரக் கன்னத்துல, கை அகலத்துக்கு. கல்லுல இருந்து சரிஞ்சு தரையில விழுந்தேன்.

"இப்ப அவ எறங்கிட்டா. இது உனக்குலே"ன்னாக.

நான் எந்திரிக்கல. அவுகளே கையைக் குடுத்துத் தூக்கி உக்கார வச்சாக. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுனாக, கழுத்து ஒடியிற மாதிரி அழுத்தி. துவட்டிக்கிட்டே, முகத்தை எங்கிட்டோ வச்சுக்கிட்டுச் சொன்னாக.

"எம் மகன்கிட்ட இதைச் சொல்லித் தொலையாத. அவனுக்கு உன்னைய விட்டா வேற யாருலே இருக்கா?"